கழிவைக் கொண்டுவரச் சொன்னார்கள்

தம்பி,

நீ எழுதியது நேற்று வந்து சேர்ந்தது. முறத்தில் முருங்கைக்கீரையைப் பரப்பி ஆய்ந்துகொண்டிருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் நின்றபடியே படித்து முடித்தேன். முடித்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உன் அய்யா உள்ளேயிருந்து, "பய அப்படி என்னத்த எழுதிட்டான்? தனியா நின்னு சிரிக்கிற?" என்று கேட்டார். "செல்விக்கு நான் புத்தி சொல்லணுமாம். காண்ட்ராக்ட் எடுக்காத ஆத்தா, கூலியாவே போ, இல்லாட்டி வீட்டுல இருன்னு நான் எழுதணுமாம்" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரியான ஆளாப் பாத்துத்தான் கேட்டிருக்கான். பூனையக் கூப்பிட்டுப் பாலுக்குக் காவல் போடுறான்" என்றார்.

சிரித்தது உன்னைக் கேலி செய்து அல்ல. உன் கவலை எனக்குப் புரிகிறது. என் மருமகள் செல்வியும் உன் தெருப் பெண்கள் சிலரும் சேர்ந்து, புதிதாகக் கட்டி முடித்த வீடுகளைப் பால் காய்ச்சுவதற்கு முன்னால் கழுவிக் கொடுத்து வருகிறார்கள். இப்போது ஒரு மில் கம்பெனி தன் ஆட்களுக்குக் கட்டியிருக்கும் குவார்ட்டர்ஸ் முழுவதையும் கழுவித் தரக் கேட்கிறது. கம்பெனிக்காரர்கள் இரண்டு வழி சொல்லியிருக்கிறார்கள். ஒன்று, செல்வி பெயரில் காண்ட்ராக்ட். அதில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வருமான வரிப் பிடித்தம் போகத்தான் பணம் வரும். பிடித்ததை வரி ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று, எல்லாரும் மஸ்டர் என்கிற கூலிப் பேரேட்டில் பேர் கொடுத்து வாராவாரம் கூலி வாங்குவது. அதில் பிடித்தமும் இல்லை, அலைச்சலும் இல்லை. அவள் முதல் வழியைக் கேட்கிறாள், நீ இரண்டாம் வழியைச் சொல்கிறாய். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். 'அம்மா சொன்னால் அவள் கேட்பாள்' என்று எழுதியிருக்கிறாய். கேட்பாள்தான். அதனால்தான் யோசித்து எழுதுகிறேன்.

இதே இரண்டு வழியில் நின்று நானும் ஒருதரம் முழித்திருக்கிறேன். நீ அப்போது உத்தமபாளையத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அதனால் கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ லீவுக்கு வரும்போதெல்லாம் உன் பேச்சியத்தை இந்தக் கதையை ஒவ்வொரு மாதிரி சொல்லுவாள். அவள் சொன்னதில் பாதி அவள் கட்டியது. நடந்ததை நான் சொல்கிறேன்.

உன் அய்யா கொத்தனார் வேலை பார்த்த காலத்தில் சின்னமனூரிலும் தேவாரத்திலும் மார்க்கையன்கோட்டையிலும் மச்சு வீடுகள் எழும்பிக்கொண்டே இருந்தன. ஏலக்காயிலும் வாழையிலும் நெல்லிலும் காசு பார்த்தவர்கள் எல்லாரும் மொசைக் தரை போட ஆரம்பித்த நேரம். கொத்தனார்களும் பெயிண்டர்களும் வேலையை முடித்துவிட்டுப் போனால் அந்த வீட்டைப் பார்க்கச் சகிக்காது. தரையெல்லாம் சிமெண்டுத் தெறிப்பு, கண்ணாடியெல்லாம் பெயிண்டுச் சொட்டு, மூலையெல்லாம் சுண்ணாம்பு. வீட்டுக்காரம்மா பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டுத் தலையில் கை வைத்து நிற்பார். "கட்டுறது எங்க வேலை, அதக் கண்ணுக்குக் காட்டுறது ஒங்க வேலை" என்று அய்யாதான் முதலில் என்னைக் கூட்டிப்போனார். பிளேடால் பெயிண்டைச் சுரண்டுவதும், ஆசிட்டில் எவ்வளவு தண்ணீர் விட்டால் சிமெண்டு போகும், எவ்வளவு விட்டால் மொசைக்கே போய்விடும் என்பதும், சிவப்புத் தரைக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுச் சாக்கால் தேய்ப்பதும் அப்படிக் கை பழகியதுதான். தனியாகப் போன நான் பிறகு பேச்சியைச் சேர்த்தேன். அப்புறம் ஆறேழு பேராகிவிட்டோம்.

பேச்சியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், என் பேரப்பிள்ளைகள் இதைப் பின்னால் படித்தால் தெரிய வேண்டும். உன் அய்யாவுக்குச் சித்தப்பா மகள். சித்தாள் வேலைக்குப் போன இடத்தில் சாரம் சரிந்து கீழே விழுந்தவள். வலது கால் மடங்காது. குத்தவைத்துத் தரை தேய்க்க அவளால் முடியாது. ஆனால் நின்று செய்கிற வேலை எதைக் கொடுத்தாலும் அவளைப் போல் செய்ய ஆள் இல்லை. ஜன்னல் கண்ணாடி எல்லாம் அவள் பொறுப்பு. அவள் துடைத்த ஜன்னலில் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. வாய் மட்டும் ஓயாது.

அப்போதுதான் மேகமலையில் ஒரு எஸ்டேட் கம்பெனி புதிதாக ஆபீசும் ஆட்களுக்குக் குவார்ட்டர்சும் கட்டி முடித்து, கழுவித் தர ஆள் கேட்டது. அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த உன் அய்யா எங்களைச் சொல்லிவிட்டார். அவ்வளவு பெரிய வேலையை அதுவரைக்கும் நாங்கள் பார்த்ததில்லை. சின்னமனூரில் இருந்து கம்பெனி லாரியில் ஏறி, அந்த ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போய், அங்கேயே தங்கிக் கழுவினோம். பனிக்குள் நின்று கண்ணாடி துடைத்தால், துடைக்கத் துடைக்க மறுபடி மூடும். "ஏ மதினி, இந்த மேகத்த எவ பெத்தா? துடைச்சு மாளல" என்பாள் பேச்சி. குளிரும் சிரிப்புமாக முதல் பாதி வேலை முடிந்தது.

பணம் வாங்கப் போனால், பேசியதில் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தார் கணக்கர் குரியன் சார். கோட்டயத்துக்காரர். கம்பத்திலும் கூடலூரிலும் கமிஷன் கடைகளில் கணக்கெழுதித் தமிழ் பழகியவர். "வரிப் பிடித்தம் சேச்சி" என்றார்.

பேச்சி விடவில்லை. "பிடிச்சிருக்குன்னா கூடத்தான சார் குடுக்கணும்? பிடிச்சவுகளுக்கு யாராச்சும் குறைச்சா குடுப்பாக?" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தாலும் நிதானமாகச் சொன்னார். புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது, கம்பெனி யாருக்குக் காண்ட்ராக்ட் கொடுத்தாலும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் பிடித்து, அதை அவர்கள் பெயரிலேயே கவர்மெண்டில் கட்டியாக வேண்டும், அது எங்கும் போகவில்லை, எங்களுக்கு வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால் மதுரையில் வரி ஆபீசில் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் தலைவேதனைன்னா வேற ஒரு வழி உண்டு. மீதி வேலைக்கு எல்லாரையும் மஸ்டர்ல எழுதிடறேன். கூலியாளுக்குப் பிடித்தம் இல்லா" என்றார்.

எல்லாருக்கும் அது சரி என்று பட்டது. முழுப் பணம் கைக்கு வருகிறது, ஆபீஸ் வாசல் ஏற வேண்டாம், வேறு என்ன வேண்டும்? எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் பட்டது தம்பி, மறைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற கட்டட மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னார். "மஸ்டர்னா என் கணக்கு. நாளைக்கு யார் வரணும், யார் வர வேணாம்னு நாந்தான் சொல்லுவேன். குத்தவச்சு வேலை செய்ய முடியாத ஆளுக்கு என் மஸ்டர்ல இடம் கிடையாது." அவர் பேச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. காண்ட்ராக்ட் என்றால் கட்டடத்தைக் கொடுத்துவிட்டு அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். யார் தரை தேய்க்கிறாள், யார் கண்ணாடி துடைக்கிறாள் என்பது எங்கள் பாடு. அந்த நூற்றுக்கு இரண்டு ரூபாய் பிடித்தமும் அதற்குத்தான். கவர்மெண்டு எங்களைப் பார்த்து, நீ கூலி இல்லை, தொழில் செய்கிறவள் என்று சொல்கிறது. மஸ்டரில் பேர் கொடுத்தால் அந்த இரண்டு ரூபாய் மிஞ்சும், பேச்சி போய்விடுவாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மஸ்டரே போதும் என்று அதிகம் சத்தம் போட்டவளே பேச்சிதான். "எனக்காக நீங்க யாரும் நட்டப்பட வேணாம். நான் ஊர்ல ஒக்காந்து பூக்கட்டிப் பொழச்சுக்குவேன்" என்றாள். "நீ பூக்கட்டுனா அதை வாங்குறவ உன் வாய்க்குப் பயந்து பூவே வைக்க மாட்டா" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பிலேயே நான் கேட்டுவிட்டேன். "ஒருவாட்டி மதுரைக்குப் போய்ப் பாக்குறேன். பிடிச்ச பணம் திரும்பி வந்தா, நாம காண்ட்ராக்ட்தான். வரலைன்னா நானே முதல் ஆளா மஸ்டர்ல பேர் குடுக்குறேன்." சரி என்றார்கள். குரியன் சாரும் அதுவரைக்கும் மீதி வேலையைக் காண்ட்ராக்டிலேயே ஓட்டுவதாக ஒத்துக்கொண்டு, பிடித்ததற்கான சர்ட்டிபிகேட்டை என் பெயரில் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்: "அவிடெ ஆபீசர் கழிவு எவ்வளவுன்னு கேட்பார் சேச்சி. கழிவு நல்லாக் காட்டினாத்தான் பணம் திரும்பிக் கிடைக்கும். வாயால் சொன்னாப் போதாது, கழிவைக் கண்ணால் காட்டணும்."

கழிவு! எங்களிடம் அதற்கா பஞ்சம்? எங்கள் தொழிலே கழிவுதானே.

எனக்கு அதில் ஒரு நியாயமும் தெரிந்தது. கவர்மெண்டுக்கு எங்களை எப்படித் தெரியும்? உண்மையிலேயே கழுவினார்களா, சும்மா கைநாட்டு வைத்துப் பணம் வாங்கினார்களா என்று பார்க்கத்தான் கழிவைக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் அதுவரை சேர்ந்த கழிவை எல்லாம் குவார்ட்டர்சுக்குப் பின்னால் சரிவில் கொட்டிவிட்டோம். மறுநாள் காலையில் நானும் பேச்சியும் சாக்கை எடுத்துக்கொண்டு அந்தச் சரிவில் இறங்கினோம். மழை பெய்து ஈரமாகக் கிடந்தது. தேய்ந்துபோன விளக்குமாறு, காலி ஆசிட் பாட்டில், கிழிந்த சாக்கு, தேங்காய் நார், மொக்கை பிளேடு, சோப்பு சுற்றி வந்த காகிதம், ஒன்று விடாமல் பொறுக்கினோம். அட்டைகள் எங்கள் காலைப் பொறுக்கின. பேச்சி மடங்காத காலைப் பக்கவாட்டில் நீட்டி ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு, கணுக்காலில் ஊறிப் பருத்திருந்த அட்டையைக் காட்டி, "ஏ மதினி, இவன் நூத்துக்கு எவ்வளவு பிடிக்கிறான்? இவன்கிட்ட எந்த ஆபீசுல போய்த் திரும்ப வாங்குறது?" என்று கேட்டாள். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. சரிவில் உருண்டுவிடாமல் செடியைப் பிடித்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்து சாக்கை இறக்கியதும் உன் அய்யா மோந்து பார்த்துவிட்டு, "எங்க கொண்டு போற இத?" என்றார். மதுரைக்கு என்றேன். "ஏன், அங்கன குப்பை தீந்துபோச்சா?" என்றார். கவர்மெண்டு கேட்கிறது என்றதும் சாக்கின் வாயை அவரே இறுக்கிக் கட்டிக் கொடுத்தார். கவர்மெண்டு கேட்டால் எதையும் கொடுக்க வேண்டும் என்று அவருக்கும் ஒரு எண்ணம். பஸ்ஸில் கண்டக்டர் சாக்குக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். "உள்ள என்னம்மா?" என்றார். "கழிவு" என்றேன். நான் தெரியாமல் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோலப் பார்த்தார்.

மதுரையில் அந்த ஆபீஸ் வாசலில் பியூன் நிறுத்தி, என்ன தொழில் என்று கேட்டார். குரியன் சார் சர்ட்டிபிகேட்டில் எழுதியிருந்ததை நினைவு வைத்து, "கிளீனிங்" என்று இங்கிலீஷில் பெருமையாகச் சொன்னேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "கிளீனரா? எந்த லாரி?" என்றார். பேச்சி கொஞ்சமும் யோசிக்காமல், "டிரைவர் வெளிய டீ குடிக்கிறாரு, நாங்க ரெண்டு பேரும் கிளீனர்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்.

ஆபீசர் மேசைக்கு முன்னால் நின்றபோது எனக்குப் பயம் வந்துவிட்டது தம்பி. சிரிப்பெல்லாம் போய்விட்டது. ஊரில் அத்தனை பேரும் என் வார்த்தையை நம்பிக் காத்திருந்தார்கள். வெறுங்கையோடு திரும்பினால், மறுவாரம் மேஸ்திரியிடம் பேர் கொடுக்க வேண்டும், பேச்சி இல்லாமல் லாரி ஏற வேண்டும். அவளோ ஒன்றும் தெரியாதவள் போல் சுவரில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபீசர் சர்ட்டிபிகேட்டை வாங்கிப் படித்தார். வயதானவர், அமைதியான முகம். "வந்த பணம் இதுல தெரியுது. கழிவு என்னம்மா காட்டுறீங்க?" என்றார்.

"கொண்டாந்திருக்கோம் சார்."

"நல்லது. எடுங்க."

பேச்சி சாக்கை அவிழ்த்துத் தரையில் சரித்தாள். பாட்டில்கள் உருண்டு அடுத்த மேசைக்கு அடியில் போய் நின்றன. ஆசிட் நெடியும் மலை ஈரமும் கிளம்பின. எங்கோ ஒட்டிக்கொண்டு வந்த ஒரு அட்டை மெதுவாக நெளிந்து நிமிர்ந்தது. அந்த அறையில் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள்.

"யாரும்மா இதைக் கொண்டுவரச் சொன்னது?"

"எங்க கம்பெனி சார்தான். வாயால சொன்னாச் செல்லாது, கழிவைக் கண்ணால காட்டணும்னு சொன்னாக" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தோள் குலுங்கியது. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. அவர் சிரித்ததும் மற்றவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அழுகை முட்டியது. பேச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிக்கிறதுக்கா சார் பஸ் ஏறி வந்தோம்? அட்டைக்கு ரத்தம் குடுத்துப் பொறுக்குனது இது" என்றாள்.

அவர் உடனே எழுந்து நின்றுவிட்டார். "கோவிச்சுக்காதீங்கம்மா, தப்புதான். கழிவுன்னு பொய்யா எழுதிக்கிட்டு வாறவங்களத்தான் தினம் பாக்குறேன். பொருளையே கொண்டாந்தவங்கள இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். பியூனைக் கூப்பிட்டு இரண்டு நாற்காலி போடச் சொன்னார். எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். கழிவு என்பது குப்பை இல்லையாம். வந்த பணத்தில் இருந்து தொழிலுக்குப் போன செலவைக் கழிக்க வேண்டுமாம். கழித்தது போக மிஞ்சுவதுதான் எங்கள் வருமானமாம். அது குறைவாக இருந்தால் பிடித்தது முழுக்கத் திரும்பி வருமாம். ஒரு கடை வியாபாரிக்குக்கூடத் தெரிகிற வார்த்தை அது. எங்களுக்கு எப்படித் தெரியும்? விளக்குமாற்றோடு புழங்குகிறவர்களுக்குக் கழிவு என்றால் ஒன்றுதான்.

அப்புறம் அவர் செய்ததை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். காலியான ஆசிட் பாட்டிலைக் குனிந்து எடுத்தார். "இது எங்க வாங்கினது? கடைக்காரர் சீட்டுக் குடுப்பாரா?" என்றார். விளக்குமாற்றைக் காட்டி, "இது எத்தனை நாள் உழைக்கும்?" என்றார். "லாரியில போனீங்க, சரி. சின்னமனூர் வரைக்கும் மத்தவங்க வந்த பஸ் காசு யார் குடுத்தது? அவங்க கூலிய யார் குடுத்தது?" நானேதான் என்றேன். "அதெல்லாம்தான் அம்மா கழிவு" என்றார். அந்தச் சாக்கில் இருந்த ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டு, எதெதற்கெல்லாம் சீட்டு வாங்கிவர வேண்டும் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். எனக்கு அன்றைக்குத்தான் கண் திறந்தது. அதுவரைக்கும் சோப்புக்குக் கொடுத்த காசு போன காசு என்றே நினைத்திருந்தேன். வீட்டு அரிசிக்கும் வேலைச் சோப்புக்கும் ஒரே சுருக்குப்பையில் இருந்து எடுப்பேன். எது எதற்குப் போனது என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. செல்வியிடம் சொல்: இரண்டையும் கலக்கவே கூடாது, ஒரு தீப்பெட்டி வாங்கினாலும் சீட்டு வாங்கிக் கம்பியில் குத்தி வைக்க வேண்டும், பெண்களுக்குக் கூலி கொடுத்தால் அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

நான் அவரிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சி கொட்டிய குப்பையை எல்லாம் அள்ளிச் சாக்கில் போட்டு, தரையையும் துடைத்துவிட்டாள். அதோடு நின்றாளா? கை சும்மா இருக்காதே. அவர் பின்னால் இருந்த ஜன்னலில் ஒரு கண்ணாடியைப் பழைய காகிதத்தால் தேய்த்துவிட்டாள். அந்த ஒன்று மட்டும் வானத்தைக் காட்ட, மற்றதெல்லாம் அழுக்காய்த் தெரிந்தது. "பாருங்க சார், நல்லா இருந்த ஜன்னலு இப்ப கேவலமாத் தெரியுது. மீதியையும் துடைச்சிடட்டா?" என்றாள். ஆபீசர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம்மா, இதுக்கு மேல துடைச்சா லஞ்சம் ஆயிடும்" என்றார்.

சீட்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டு இன்னொருதரம் போய்வந்தோம், குப்பை இல்லாமல். பல வாரம் கழித்துப் பணம் திரும்பி வந்தது. பெரிய பணம் இல்லை. ஆனால் பிடித்தது முழுதும் வந்தது. எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு நடுவில் வைத்துக் காட்டினேன். "அப்ப காண்ட்ராக்ட்தான?" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பேச்சியைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்ப பூக்கட்ட நான் வாங்கி வச்ச வாழைநார என்ன பண்றது?" என்றாள்.

மறுபடி மலை ஏறியதும் குரியன் சாரிடம் சாக்குக் கதையை முழுதாகச் சொன்னோம். அவர் சிரித்து முடிக்கவே நேரமானது. அப்புறம்தான் சொன்னார்: "சேச்சி, நான் கடைத் தமிழில் கழிவு சொன்னேன், நீங்க விளக்குமாத்துத் தமிழில் கேட்டு. எங்கள் மலையாளத்தில் கழிவு என்றால் என்ன தெரியுமோ? திறமை! கழிவுள்ள பெண் என்றால் சாமர்த்தியமுள்ள பெண். நீங்க மதுரைக்குப் போய் உங்கள் கழிவைத்தான் காட்டியிருக்கு." அன்றிலிருந்து மேஸ்திரி எதிரில் வந்தால் போதும், பேச்சி இடுப்பில் கை வைத்து, "நல்லாப் பாத்துக்கிரும், கழிவுள்ள பொம்பளை போறேன்" என்பாள். அந்த மனிதருக்கு மலையாளம் தெரியாது. சரிதான் என்று ஒதுங்கிப் போவார்.

அந்த வேலைக்குப் பிறகு போடி, கம்பம் என்று எத்தனையோ கட்டடம் கழுவினோம். எத்தனையோ தடவை பிடித்தம் போனது, எத்தனையோ தடவை திரும்பி வந்தது. ஒரு வருஷம் வருமானம் கூடி, திரும்பி வராமல் கொஞ்சம் வரியே கட்டினேன். நீ நம்ப மாட்டாய், அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் நான் கேசரி கிண்டினேன். வரி கட்டியதற்குக் கேசரி தின்ற கூட்டம் இந்தப் பள்ளத்தாக்கிலேயே நாங்கள் மட்டும்தான் இருக்கும். பேச்சி கடைசி வரைக்கும் எங்களோடுதான் கண்ணாடி துடைத்தாள். இப்போதும் துடைக்கிறாள், மகள் வீட்டில், யாரும் கேட்காமலே.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் மண்டபத்துக்கு நான் சீக்கிரம் போனது உனக்குத் தெரியும். ஏன் போனேன் என்று தெரியாது. மண்டபத் தரை எனக்குப் பிடிக்கவில்லை. மணமேடைக்கு முன்னால் யாரோ சாந்துக் கறையை அப்படியே விட்டிருந்தார்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் அதை மிதித்துக்கொண்டு நிற்க மனசு வரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு சாக்கை நனைத்துத் தேய்க்க உட்கார்ந்துவிட்டேன். பெண் வீட்டார் பதறிப்போனார்கள். "சம்பந்தியம்மா, எந்திரிங்க, ஆள விட்டுச் செய்யச் சொல்றோம்" என்று சுற்றி நின்று கெஞ்சினார்கள். அந்தக் கூட்டத்துக்குள் இருந்து செல்வி வந்தாள். கையில் மருதாணி, இன்னும் முழுதாகக் காயவில்லை. எதிரே உட்கார்ந்து, சாக்கின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, குறுக்கத் தேச்சா போகாது, நீளவாக்குல இழுங்க" என்றாள். மருதாணி கலைந்துவிட்டது, கறை போய்விட்டது. அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அந்த நிமிஷத்தில் கல்யாணமே முடிந்துவிட்டது தம்பி. மறுநாள் நீ தாலி கட்டியதெல்லாம் ஊருக்காக.

அப்படிப்பட்டவளைப் போய் மஸ்டரில் பேர் கொடு என்று நான் எப்படி எழுதுவேன்? அந்த மஸ்டரில் அவளுக்கு இடம் கிடைக்கும், கை கால் நன்றாக இருக்கிறது. அவளோடு வருகிற பெண்களில் ஒருத்திக்குக் கைக்குழந்தை இருப்பதாகவும், அந்தப் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு வேலை பார்ப்பதாகவும் நீதானே போன தடவை எழுதியிருந்தாய். எந்த மேஸ்திரி தூளிக்கு இடம் கொடுப்பார்? இதை அவள் யோசித்திருப்பாள். நீ நூற்றுக்கு இரண்டை மட்டும் யோசித்திருக்கிறாய். பிடித்தம் என்றால் கெட்டது என்று நினைக்காதே. உன் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், அதை நீ பெருமையாகத்தான் சொல்லுவாய். அவள் பணத்தில் பிடித்தால் மட்டும் நட்டம் என்கிறாய்.

ஆபீஸ் அலைச்சலுக்குப் பயந்தால், நான் வருகிறேன். அடுத்த மாதம் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரத்தான் இருந்தேன், அது இந்த வேலைக்கும் ஆயிற்று. நானும் செல்வியுமாகப் போய்வருவோம். சாக்கு கொண்டுவர மாட்டேன், பயப்படாதே. அய்யா உனக்குத் தனியாக ஒன்று சொல்லச் சொன்னார்: "அவ ஆபீசுக்குப் போற அன்னைக்குச் சோத்துக்கு ஒலைய நீ வை. சோறு கொழைஞ்சாலும் பரவாயில்லை, தின்னுட்டுப் பேசாம இரு." அவர் அப்படித்தான் இருந்தார். அவர் வைத்த சோறு குழைந்துதான் போகும்.

இதை நீ படித்துவிட்டு மடித்து வைத்துக்கொள்ளாதே. அவளிடம் கொடு. திங்கட்கிழமை அவள் காண்ட்ராக்டில் கையெழுத்துப் போடட்டும். இனிஷியலுக்கு உன் எழுத்தைப் போடுவாளோ, அவள் அப்பா எழுத்தைப் போடுவாளோ, அது அவள் இஷ்டம், அதில் நீயும் நானும் தலையிட வேண்டாம். பெயரை மட்டும் சுருக்காமல், முழுசாக, கொட்டை எழுத்தில் எழுதச் சொல்.

பிள்ளைகளின் கன்னத்தில் எனக்காக ஒருதரம் கிள்ளி வை.

அம்மா